பதினைந்து கட்டில்களும் ஒரு நோயாளி அரசனும்

ஆஸ்திரேலிய எழுத்தாளர் லியான் மோரியார்ட்டியின் 'நைன் பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' நாவல் 2018இல் வெளிவந்தது. 2021இல் நிக்கோல் கிட்மன் நடித்துத் தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. ஊரை விட்டு விலகி நிற்கும் ஒரு பழைய மாளிகை. அதில் பத்து நாள் தங்கி உடம்பையும் மனத்தையும் சீராக்கிக்கொள்ள வரும் ஒன்பது பேர். மார்க்கெட் இழந்த காதல் கதை எழுத்தாளர் ஒருத்தி, லாட்டரியில் பணம் விழுந்ததும் நிம்மதி போன ஓர் இளம் தம்பதி, பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம், பழைய கால்பந்து வீரர், விவாகரத்து வக்கீல் என்று எல்லா ரகத்திலும் ஆள் உண்டு. அந்த இடத்தை நடத்தும் மாஷா என்ற ரஷ்யப் பெண்மணி, வந்தவர்களின் பையைத் திறந்து ஒயினையும் சாக்லேட்டையும் எடுத்துவிடுகிறாள். செல்போன் போகிறது. யாரும் யாருடனும் பேசக்கூடாது என்ற விதி வருகிறது. வேளாவேளைக்கு ஆளுக்கொரு டம்ளரில் பழச்சாறு வருகிறது.

அந்தப் பழச்சாற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான் நாவலின் மர்மம். போதை தரும் மருந்து கலந்திருக்கிறது. (படிக்காதவர்கள் மன்னிக்கவும். நாவலின் சுவை விடையில் இல்லை என்பதால் சொல்லிவிட்டேன்.) கொலை இல்லை, துப்பறிவாளர் இல்லை, பாதிப் பக்கங்களில் சிரிப்பு வருகிறது. ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. குணமாக்குகிறேன் என்கிறவரிடம் உடம்பை ஒப்படைத்துவிட்டோம். அவர் என்ன கொடுக்கிறார் என்று நமக்குத் தெரியாது. இந்த ஒரு பயத்தை வைத்தே அத்தனை பக்கங்களையும் மோரியார்ட்டி ஓட்டிவிடுகிறார்.

இந்த நாவலைப் பற்றிப் பேச அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். அங்கிருந்து ஆண்ட ஓர் அரசனின் காலத்தில் இதற்கு நேர்மாறான ஒரு மருத்துவச் சாலை இருந்தது. அவனுடைய மகனின் கதையோ, மோரியார்ட்டி கேட்டால் உடனே நோட்டுப் புத்தகத்தைத் திறக்கக்கூடிய கதை. இரண்டும் சில ஆண்டு இடைவெளியில், ஒரே குடும்பத்தைச் சுற்றி நடந்தவை.

முதலில் மருத்துவச் சாலை. முதலாம் ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன் 1063 வாக்கில் பட்டத்துக்கு வந்தவன். கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனைக்குச் சோழகேரளன் திருமாளிகை என்று பெயர் இருந்ததை அவன் காலத்துக் கல்வெட்டுதான் சொல்கிறது. அந்த மாளிகை இன்று மாளிகைமேடு என்ற மண்மேடு. தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் அடித்தளங்களும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. வீரராஜேந்திரனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் மிக நீளமானவற்றில் அது ஒன்று. கோயிலின் வரவு, பூசைச் செலவு, அங்கே நடந்த பள்ளி, மாணவர் விடுதி, மருத்துவச் சாலை ஆகிய எல்லாவற்றுக்கும் நெல் கணக்கும் காசுக் கணக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மருத்துவச் சாலையின் பெயர் வீரசோழன். பதினைந்து கட்டில்கள். மருத்துவர் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இரண்டு ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய் தனிக் கணக்கு. அறுவை செய்பவரைவிட மருத்துவருக்கு மூன்று மடங்கு நெல் என்பதைப் படித்துவிட்டு இன்றைய அறுவை மருத்துவர்கள் என்ன நினைப்பார்களோ தெரியாது.

அதன் பிறகு வருவதுதான் நம் விஷயத்துக்கு வேண்டியது. ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலைச் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். கடுக்காயை முதலாகக் கொண்டே பல வகை: வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி, கோமூத்திரம் சேர்த்த ஒன்று. பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த ஒரு தைலம். வில்வாதி கிருதம், வஜ்ரகல்பம், கல்யாணக லவணம். பழைய நெய் மருந்தாவதால் ஆண்டுதோறும் நெய் எடுத்து வைக்கவும் ஏற்பாடு. ஏறத்தாழ இருபது மருந்துகள், அளவோடு. மாணவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கான எண்ணெயும் உண்டு. மண்டபத்தில் இருப்பவர்கள் குடிக்க ஏலமும் வேரும் போட்டு மணமூட்டிய தண்ணீருக்கும் செலவு எழுதப்பட்டிருக்கிறது. இன்று மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் இடையில் இருக்கிற எந்த ஓய்வு விடுதியும் இதே தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் வைத்துத் தனிக் கட்டணம் வாங்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வீரசோழன் வழிப்போக்கர்களுக்கான இடம் அல்ல. அந்தக் கோயிலோடும் பள்ளியோடும் சேர்ந்த மாணவர்கள், ஆசிரியர்கள், பணியாளர்கள் படுத்து எழுந்த இடம் அது. ஆகவே முன்பின் தெரியாதவர்கள் கூடிய இடம் என்று அதை அப்படியே சொல்லிவிட முடியாது. ஆனாலும் ரிக் வேதம் படிக்க வந்தவர், இலக்கணம் படிக்க வந்தவர், பாஞ்சராத்திரம், வைகானசம், சைவம் என்று வெவ்வேறு வழிக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கிய வளாகம் அது. பெருமாள் கோயிலில் சைவமும் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

மாஷாவின் விடுதிக்கும் அசுவத்தாம பட்டனின் சாலைக்கும் உள்ள வேறுபாடு மருத்துவத்தில் இல்லை. இரண்டு இடத்திலும் நோயாளி, தனக்குப் புரியாத எதையோ இன்னொருவர் பேச்சை நம்பித்தான் விழுங்குகிறான். வேறுபாடு கணக்கில் இருக்கிறது. பழச்சாற்றில் என்ன இருக்கிறது என்பது மாஷாவுக்கும் அவளுடைய உதவியாளர்களுக்கும் மட்டும் தெரியும். திருமுக்கூடலில் மருந்துக் களஞ்சியம் முழுவதும் கோயில் சுவரில் வெளியே நிற்கிறது. அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி. படிக்கத் தெரிந்த ஒருவன் போய் நின்று சரிபார்க்கலாம் என்பதே மாஷாவின் தொழிலைக் கெடுத்துவிடும். அந்தச் சாலையை வைத்து மர்ம நாவல் எழுத முடியாது. எழுதினால் இரண்டாம் அத்தியாயத்தில் யாராவது சுவரைப் பார்த்துவிட்டு வந்து கதையை முடித்துவிடுவார்கள்.

மர்மம் கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனைக்குள் நடந்தது.

வீரராஜேந்திரன் 1070 வாக்கில் இறந்தான். முன்னரே இளவரசுப் பட்டம் கட்டப்பட்டிருந்த மகன் அதிராஜேந்திரன் அரியணை ஏறினான். சில மாதங்களில் அவனும் இறந்தான். அதே 1070இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் முடி சூடியவன் வேங்கிநாட்டுச் சாளுக்கியர் குடும்பத்தில் பிறந்த முதலாம் குலோத்துங்கன். விஜயாலயன் தொடங்கி மகன்வழியில் வந்த சோழ மரபு அத்துடன் முடிந்தது. குலோத்துங்கனின் தாய் அம்மங்கைதேவி ராஜேந்திரனின் மகள், அதாவது வீரராஜேந்திரனின் உடன்பிறந்தாள். ஆகவே பட்டத்தைப் பெற்றவன் இறந்தவனுக்கு அத்தை மகன். கதையில் இன்னொரு உறவினனும் இருக்கிறான்: மேலைச் சாளுக்கிய இளவரசன் ஆறாம் விக்கிரமாதித்தன். வீரராஜேந்திரன் தன் மகளை அவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தான். அவன் அதிராஜேந்திரனுக்கு மச்சான்.

அத்தை மகன், மச்சான், நடுவில் ஒரு நோயாளி. மருத்துவர் யார் என்று மட்டும் தெரியவில்லை.

நோயாளி என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. கும்பகோணத்துக்கு அருகே கூகூர்க் கோயிலில் உள்ள கல்வெட்டு, அதிராஜேந்திரன் நோய் நீங்க வேண்டி அங்கே தேவாரப் பதிகம் ஓத ஏற்பாடு செய்ததைக் குறிக்கிறது. சோழர் வரலாறு எழுதிய சதாசிவ பண்டாரத்தார் இதைக் கொண்டு, அரசன் நோயால்தான் இறந்தான் என்ற பக்கம் சாய்கிறார். நேரான வாதம்தான்: உடம்பு சரியில்லை, கோயிலில் வேண்டிக்கொண்டார்கள், பலிக்கவில்லை.

ஆனால் விக்கிரமாதித்தனின் அவைப்புலவன் பில்ஹணன் வேறு கதை சொல்கிறான். காஷ்மீரத்திலிருந்து வந்த இந்தச் சம்ஸ்கிருதக் கவி எழுதிய 'விக்கிரமாங்கதேவ சரிதம்' என்ற காவியத்தை ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் ப்யூலர் 1875இல் பதிப்பித்தார். அதன்படி, மாமனார் இறந்த சேதி கேட்டு விக்கிரமாதித்தன் தெற்கே வருகிறான். முதலில் காஞ்சியில் கலகத்தை அடக்குகிறான். பிறகு கங்கைகொண்ட சோழபுரம் வந்து மைத்துனனை அரியணையில் அமர்த்துகிறான். அங்கே ஏறத்தாழ ஒரு மாதம் தங்குகிறான். துங்கபத்திரைக் கரைக்குத் திரும்பிய சில நாளிலேயே, மீண்டும் கலகம் மூண்டு மைத்துனன் உயிர் இழந்தான், ராஜிகன் அரியணையில் அமர்ந்துவிட்டான் என்ற செய்தி அவனை எட்டுகிறது. ராஜிகன் என்பது குலோத்துங்கன்.

மூன்றாவது சாட்சி ஜெயங்கொண்டார். கலிங்கத்துப்பரணி பாடியவர், குலோத்துங்கனின் அவைப்புலவர். இவர் அதிராஜேந்திரன் என்று ஒருவன் இருந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. வீரராஜேந்திரனுக்குப் பின் நாடு அலங்கோலமானது, குலோத்துங்கன் வந்தான், ஒழுங்கு திரும்பியது என்ற அளவில் கடந்துபோகிறார். அத்தனை நுணுக்கமாகப் போர்க்களத்தைப் பாடத் தெரிந்த கவிக்கு ஓர் அரசனின் மரணம் மட்டும் கண்ணில் படாமல் போயிருக்குமா?

இன்னொரு கதையும் உண்டு. வைணவ மரபு சொல்லும் கிருமிகண்ட சோழன் ராமானுஜரை நாட்டை விட்டுப் போகவைத்தவன். அந்தப் பாவத்துக்கு அவன் கழுத்தில் புழு வைத்தது என்பது குருபரம்பரைச் செய்தி. அவன் யார் என்று தேடிய வரலாற்று ஆசிரியர்களில் சிலர் அதிராஜேந்திரனைக் காட்டினார்கள். வேறு சிலர் குலோத்துங்கன் பெயர் கொண்டவர்களை. நோயாளி அரசன், சமயக் கலகம், கழுத்து நோய் என்று எல்லாம் பொருந்துவதாகத் தோன்றும். எனக்கு இந்தப் பொருத்தம் சந்தேகமாகவே இருக்கிறது. பெருமாள் கோயிலுக்கு அத்தனை பெரிய அறக்கட்டளையை ஒழுங்கு செய்து, அதே வளாகத்தில் சைவத்தையும் கற்பித்த அரசனின் வீட்டிலிருந்து, மறு ஆட்சியில் வைணவரைத் துரத்தும் வெறி கிளம்பியது என்றால் அதற்குத் தனிச் சான்று வேண்டும். மரபுக்கதையின் புழுவைக் கல்வெட்டின் நோயோடு ஒட்டவைப்பது போதாது.

இப்போது சாட்சிகளை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். மச்சானின் சம்பளத்தில் இருப்பவன், கொன்றுவிட்டார்கள் என்கிறான். அத்தை மகனின் சம்பளத்தில் இருப்பவர் அப்படி ஒருவனே இல்லாததுபோல் பாடுகிறார். கோயில் சுவர், நோய் என்கிறது. மூவரும் முழுப் பொய் சொல்லவில்லை, எல்லாவற்றையும் சொல்லவும் இல்லை. நோயாளி ஒருவன் படுத்திருந்ததும் கலகம் நடந்ததும் ஒரே காலத்து உண்மைகளாக இருக்கலாம். நோயில் கிடந்த அரசன் கலகத்தில் இறந்திருக்கலாம். அவன் நோயில் இறந்ததைக் கேட்டுக் கலகம் வெடித்திருக்கலாம். மோரியார்ட்டி தன் ஒன்பது பேரின் பார்வையையும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாற்றி மாற்றிக் கொடுத்து உண்டாக்கும் குழப்பம், இங்கே ஒரு காவியம், ஒரு பரணி, ஒரு கல்வெட்டு என்று தானாகவே அமைந்திருக்கிறது.

தமிழில் இதை யார் எழுதியிருக்க வேண்டும் என்று யோசித்தால் முதலில் கல்கியின் பெயர்தான் வரும். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் நண்பன் கந்தமாறனின் கடம்பூர் மாளிகைக்கு விருந்தாளியாகப் போகிறான். அன்றிரவே பழுவேட்டரையரின் சதிக்கூட்டத்தைக் கேட்டுவிடுகிறான். அதே மாளிகையில்தான் பின்னர் ஆதித்த கரிகாலன் சாகிறான். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலானோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லியும்கூட, கத்தி யார் கையில் இருந்தது என்பதைக் கல்கி கடைசிவரை நழுவவிடுகிறார். நடுநடுவே ஆழ்வார்க்கடியான் தடியோடு வந்து சைவர்களிடம் வம்புக்கு நிற்கிறான். விருந்தாளி, வீட்டுக்காரன், பூட்டிய அறை, சிரிப்பு, மரணம் என்று மோரியார்ட்டியின் சாமான்கள் எல்லாம் இங்கே இருக்கின்றன. பழுவேட்டரையரின் பழுவூர் இன்று கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் அதே அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் கல்கி நூறு ஆண்டு முந்தைய மரணத்தை எடுத்துக்கொண்டார். 1070ஆம் ஆண்டு மரணத்துக்கு அத்தனை புகழ்பெற்ற நாவல் வாய்க்கவில்லை.

தமிழின் மர்ம நாவல்கள் வேறு பாதையில் போயின. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்துத் தடித்த புத்தகங்களை விட்டுவிட்டு, சிரிப்பும் மர்மமும் சேர்ந்தவற்றை மட்டும் பார்த்தால் தேவனின் துப்பறியும் சாம்புதான் பிதாமகர். உளறியே குற்றவாளியைப் பிடித்துவிடும் வங்கிக் குமாஸ்தா அவர். அதன்பின் சுஜாதாவின் கணேஷ்–வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தி. பெரும்பாலும் ஜோடிகள், எல்லாருமே வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். இதற்குக் காரணம் இலக்கியம் இல்லை, வெளியீட்டு முறை. வாரத் தொடருக்கும் மாத நாவலுக்கும் அட்டையில் ஒரு பழகிய பெயர் வேண்டும். முன்பின் தெரியாத ஒன்பது பேரை அறிமுகப்படுத்தவே நாலு வாரம் போய்விடும். அதற்குள் வாசகர் அடுத்த பக்கத்து ஜோக்கைப் படிக்கப் போய்விடுவார்.

வேறொரு இடைஞ்சலும் உண்டு. நம் ஊரில் அந்நியர்கள் அதிக நேரம் அந்நியர்களாக இருப்பதில்லை. அரியலூரில் ரயில் ஏறி விருத்தாசலம் போவதற்குள் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, பெண் எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறது என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். மோரியார்ட்டி இதைத் தடுக்கத்தான் பேசக்கூடாது என்ற விதியைக் கொண்டுவருகிறார். தமிழ்ப் பாத்திரங்களுக்கு அந்த விதியைப் போட்டால் மர்மத்துக்கு முன்னால் நகைச்சுவை வந்துவிடும். குற்றாலச் சாரலுக்கு வந்தவர்களை ஐந்து நாள் வாய் திறக்காதே என்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இதில் நல்லதும் உண்டு. தமிழில் இந்த வகை நாவலின் ரகசியம் பாத்திரங்களின் அறியாமையில் இருக்கத் தேவையில்லை. எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்தும் ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லாததில் இருக்கலாம். 'கொலையுதிர் கால'த்தில் சுஜாதா ஒரு எஸ்டேட் வீட்டையும் ஒரு சொத்து வாரிசையும் வைத்து இதைக் கொஞ்சம் செய்திருக்கிறார். பேயா விஞ்ஞானமா என்பதைக் கடைசியிலும் அவர் முழுதாகக் கட்டிப்போடவில்லை. உறவுக்காரர்களே சந்தேகத்துக்கு உரியவர்களாக இருப்பது நம் ஊர் மர்மத்தின் இயல்பு. 1070ஆம் ஆண்டு அதைத்தான் கொடுக்கிறது.

1070ஐ வைத்து எழுதக்கூடிய நாவலின் காலத்தைப் பில்ஹணனே அளந்து கொடுத்துவிட்டான்: விக்கிரமாதித்தன் கங்கைகொண்ட சோழபுரத்தில் தங்கிய ஏறத்தாழ ஒரு மாதம். இடம், சோழகேரளன் திருமாளிகை. மேற்கே சோழகங்கம் ஏரி. கங்கை நீரைக் கொண்டுவந்து ஊற்றி ராஜேந்திரன் தன் வெற்றிக்கு நிறுத்திய நீர்த்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லும் அதே ஏரி, இன்றைய பொன்னேரி. மாளிகைக்குள் புதிதாய்ப் பட்டம் ஏறிய, உடம்பு சரியில்லாத மைத்துனன். துணைக்கு வந்த மச்சானுக்கோ தன் அண்ணன் இரண்டாம் சோமேசுவரனோடு தீராத பகை. சோழ அரியணையில் தன் ஆள் இருந்தால் அவனுக்கும் லாபம். வேங்கியில் உரிமை மறுக்கப்பட்டு நின்ற அத்தை மகனுக்கு அம்மான் வீட்டு ஊரில் பழகிய முகங்கள் உண்டு, அவன் உடலோடு அங்கே இல்லாவிட்டாலும். இவர்களில் எவனும் அதிராஜேந்திரன் சாக வேண்டும் என்று வெளியே சொல்ல மாட்டான். இருவரும் அவன் குணமாக வேண்டும் என்றுதான் சொல்வார்கள். கூகூரில் பதிகம் ஓதிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதுகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது மருத்துவரை. எனக்கு அசுவத்தாம பட்டனைத் திருமுக்கூடலிலிருந்து வரவழைக்கத்தான் ஆசை. அதற்குச் சான்று எதுவும் கிடையாது. நாவல் என்பதால் சான்று தேவையும் இல்லை. பதினைந்து கட்டில்களுக்கு மருந்து அளந்து, அளந்ததைச் சுவரில் வெட்டியிருக்கும் இடத்தில் வேலை செய்து பழகிய மனிதர். அரண்மனைக்கு வந்ததும் முதல் வேலையாக, அரசருக்கு இதுவரை என்னென்ன கொடுத்தீர்கள், எந்த அளவில், யார் கையால் என்று பட்டியல் கேட்பார். அடைப்பக்காரனில் தொடங்கி மச்சான் வரை யாரும் பட்டியல் கொடுக்க மாட்டார்கள். அவர் பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டே இருப்பார். அவர்கள் ஏலம் போட்ட தண்ணீரை நீட்டி உபசரித்துக்கொண்டே இருப்பார்கள். அவரும் அதைக் குடிக்கும் முன் இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்பார். சாம்புவின் தம்பி மாதிரி ஒரு பாத்திரம் அவருக்கு உதவியாள் என்றால் மாதம் முப்பது நாளும் அத்தியாயம் ஓடும்.